வீட்டுக்குச் சமமான பெரிய வயலின்

அப்பா,

எதிர் ஃபிளாட்டில் கதவுக்குப் பாலிஷ் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த நெடி. கழக்கூட்டத்தில் நாங்கள் இருக்கும் இந்த வாடகை வீட்டில் சன்னலைத் திறந்தால் சாலைப் புகை, மூடினால் சுவரின் ஈரவாடை. மகளுக்கு மறுபடியும் மூச்சு இழுத்தது. நெபுலைசரை அவள் முகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, இன்றாவது உங்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இப்போது தூங்குகிறாள். எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நம் சபையில் பெஞ்சுகளுக்குப் பாலிஷ் போடுவார்கள். அந்த வேலையோடு உங்கள் டபுள் பேஸையும் கொண்டுபோய் நிறுத்துவீர்கள். நம் வீட்டில் அதற்குப் பெரிய வயலின் என்றுதான் பெயர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் உங்களிடம் விட்டுப்போனது. ஆரியசாலைக் கடையில் வாரம் முழுக்க மூட்டைக்கு ரசீது எழுதிய கை, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடித்த தந்திகளில் இறங்கினால் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிரும்.

ஆசாரியைத் தொட விடமாட்டீர்கள். நீங்களே உப்புத்தாள் போட்டு மரம் வெளுக்கும்வரை தேய்ப்பீர்கள், நான் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்வேன். "கர்த்தருக்கு முன்னால பழசா நிக்கக் கூடாது மக்ளே," என்பீர்கள். தவிட்டு நிறத் தூள் என் பாவாடையெல்லாம் உதிரும். பிறகு பெஞ்சுக்கு அடித்த அதே பாலிஷ். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்.

அம்மா போனபின் பாறசாலை வீட்டில் எங்களை உட்காரவைத்துப் பேசினீர்களே. அண்ணன், அண்ணி, நான். எனக்கு அப்போது இவள் வயிற்றில்.

"வீடு அவனுக்கு. பெரிய வயலின் ஒனக்கு. ஜெர்மன் சாதனமாக்கும். வெலை வச்சு நோக்குனா வீட்டுக்குச் சமம்," என்றீர்கள்.

"அப்போ நான் அதுக்குள்ள குடியிருக்கேன், இவ வீட்ட வாசிக்கட்டும்," என்று அண்ணன் சிரித்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. "அவளுக்குக் கூடுதலாத்தான் போகுது. நாங்க வாயத் தெறந்தோமா?"

வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன். நீங்கள் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் பார்க்காதவர் என்று என் கணவரிடம் பெருமை பேசினேன்.

நீங்கள் போனபின் அது எங்களிடம் வந்து சேர்ந்தது. விற்றால், ஈரமில்லாத சுவரோடு ஒரு சின்ன வீடு வாங்கலாம், மகள் இரவில் மூச்சுவிடுவாள் என்று நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். போன வாரம் சரக்கு ஆட்டோவில் படுக்கவைத்து, நகரத்துக்குள் மேற்கத்திய வாத்தியங்கள் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணிடம் கொண்டுபோனோம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள்.

உள்ளே ஒட்டியிருந்த சீட்டை நான் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. "லேபிள் ஆரும் ஒட்டலாம், சேச்சி." ஒலித்துளையின் விளிம்பை நகத்தால் தடவினாள். பல்மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தாள். பின்பலகையைத் தட்டிக் கேட்டாள்.

"ஜெர்மன் தன்னே. ப்ளைவுட் இல்லா, முழு மரத்தில குடைஞ்செடுத்தது. நூறு வயசு காணும்."

நான் கணவரின் கையைப் பிடித்தேன். அப்பா பொய் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன், விலை பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"பட்சே, பழைய வார்னிஷ் ஒரு துளிகூட இல்லா. தேய்ச்சுத் தேய்ச்சு முன்பலகை காகிதம் போல ஆயாச்சு. தந்தி முறுக்கினா உள்ளே அமுங்கும். இதை வாங்க ஆள் கிட்டாது, சேச்சி." பிறகு தயங்கினாள். "இதை நான் முன்னே பார்த்திருக்கேன். ஒரு அங்கிள் கொண்டுவந்தார். உயரமா, வெள்ளை ஷர்ட். அன்னைக்கும் இதுதான் சொன்னேன்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னே, கடை தொறந்த புதுசில. ஓணத்துக்கு முன்னே."

அந்த ஓணம் கழிந்துதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

"அங்கிள் ஒரு காரியம் மட்டும் கேட்டார்," என்றாள். "விவரமில்லாத ஆள் பார்த்தா இது தெரியுமான்னு."

திரும்பும் வழியில் என் கணவர், "விடு. பாவம், அவருக்கு வேற வழி இருந்திருக்காது," என்றார். இருந்தது அப்பா. ஒனக்குத் தர எங்கிட்ட ஒண்ணுமில்ல மக்ளே என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், நியாயமான அப்பா என்ற பெயர் உங்களுக்கு வேண்டியிருந்தது. என்னைத்தான் அந்த விவரமில்லாத ஆளாக நினைத்திருக்கிறீர்கள்.

நேற்று அண்ணன் கூப்பிட்டான். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"பெரிய வயலின் என்னாச்சு, போச்சா?"

"போச்சு அண்ணா. நல்ல வெலை."

பின்னாலிருந்து அண்ணி குரல்: "நான் அப்பவே சொல்லல? மாமா மகளுக்குத்தான் கூடக் கொடுத்திருக்கு."

"ஆமா அண்ணி," என்றேன்.

உங்கள் மானத்தைக் காப்பாற்ற அல்ல. பெற்ற அப்பனாலேயே ஏமாற்றப்பட்டவள் என்று அவள்முன் நிற்க முடியவில்லை. இனி உங்கள் பொய் என்னுடையது. செத்தவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த மாதம் மகளின் பிறந்தநாளுக்கு இருவரும் வருகிறார்கள். இரண்டே அறைகள் இங்கே. விற்றுவிட்டதாகச் சொன்ன அந்தச் சாதனம் தொட்டிலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன் அப்பா?