சிவப்புப் பொட்டு வைத்த குமிழ்

வீடு முழுக்கப் பேஸ்ட் வாசனை நிற்கிறது. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயனின் சூடான நுனியை அந்தத் தகர டப்பாவில் தொட்டதும் புகையோடு கிளம்புமே, பிசின் கருகினாற்போல ஒரு வாசனை, அதுதான். ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் அது இல்லை. இன்று காலையில் கிளப்பியது நான். ஆமாம், நானேதான். உன் பெட்டியைத் திறந்து, உன் அயனை எடுத்து, உன் மாதிரியே ஈரத் துணியில் நுனியைத் துடைத்து வேலை செய்தேன். சிரிக்காதே ஏட்டி. விரலைச் சுட்டுக்கொண்டது ஒரே ஒரு தடவைதான்.

காலையில் செடி விளக்கு எரியவில்லை. ஆறு மணிக்கு டைமர் டிக்கென்றது, ஹால் மூலை மட்டும் இருட்டாகவே கிடந்தது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு, சங்கிலியைக் கழற்றி, விளக்கைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நீ போன பிறகு அதைத் திறந்தது இதுதான் முதல் தடவை. உள்ளே நான் பார்த்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால், உன்னிடம் கடைசிவரை சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட வேண்டும். உன் மல்லிச் செடியை நான்தான் கொன்றேன்.

சரி, சொல்லியாயிற்று. இனி முதலிலிருந்து வருகிறேன். சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்துப் பார்த்து, எதையும் வரிசைப்படி சொன்னால்தான் எனக்கு வருகிறது.

மண்ணூர்பேட்டையில் இந்தக் கட்டடத்துக்கு நான் குடிவந்தபோது கிழக்கு ஜன்னலில் நல்ல வெயில் இருந்தது. அதை நம்பித்தான் கறிவேப்பிலையும் புதினாவும் தூதுவளையுமாகத் தொட்டிகளை அடுக்கினேன். ஆறே மாதத்தில் பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பிவிட்டது. கையை நீட்டினால் அந்தச் சுவரைத் தொடலாம். செடிகளெல்லாம் வெளிறி நூல் நூலாக நீண்டன. நான் சும்மா இருப்பேனா? ஒரு வாரம் ராப்பகலாகப் படித்து, இணையத்தில் ஓர் ஊதா விளக்கை வரவழைத்து மாட்டினேன். கதவைத் திறந்து வைத்திருந்த ஒரு சாயங்காலம், எதிர்வீட்டிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய். அதுவரை நமக்குள் சிரிப்பும் பால் பாக்கெட் கைமாற்றும்தான்.

"இன்னாமே இது? ஊட்ட ரெக்கார்டு டான்ஸ் மேட கணக்கா ஆக்கி வெச்சிகீற?"

செடிக்குச் சிவப்பும் நீலமும் இருந்தால் போதும், மற்ற நிறமெல்லாம் வீண் என்று படித்ததை ஒப்பித்தேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாய். பிறகு விளக்கின் முதுகில் புறங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தாய்.

"கைய வெக்க முடியல. பாதி கரண்டு சூடாவே பூடுது. அப்பால செடிக்கு இன்னா கெடைக்கும்? அதுவுமில்லாம, சூரியன் இன்னா ஊதாவாவா கீது?"

பக்கத்துத் தொழிற்பேட்டையில் பல்பு செய்யும் கம்பெனியில் நீ இருபது வருஷம் ஈயம் வைத்தவள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பாடி கடைத்தெருவுக்குப் போனோம். ஜன்னல் சட்டம் போடுகிறவர்களிடம் அலுமினியச் சேனலை நீளம் சொல்லி வெட்டி வாங்கினாய். வெள்ளை எல்.இ.டி. பட்டைகளை உனக்குத் தெரிந்த கடையில் ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்துப் பொறுக்கினாய். நான் நாலு பக்கத்துக்கு அச்சடித்துக் கொண்டுவந்த பட்டியலை என்ன செய்தாய் என்று ஞாபகமிருக்கிறதா? பஸ்ஸில் மடித்து விசிறிக்கொண்டு வந்தாய்.

இந்த ஹாலில்தான், செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து செய்தோம். சேனலைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் வெள்ளைக் களிம்பு தடவி, பட்டைகளை அழுத்தி ஒட்டி, வரிசையாக வயர் இழுத்தாய். கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் பெட்டியைத் தேவைக்கு மேல் பெரியதாக எடுத்து, கூட்டவும் குறைக்கவும் ரேடியோவில் இருப்பது போல ஒரு குமிழ் வைத்தாய். குமிழிலிருந்து டிரைவருக்கு இரண்டு வயர். அந்த இரண்டையும் நீ பற்றவைத்தபோது டார்ச் பிடித்தவள் நான். அதை மறந்துவிடாதே, பின்னால் வேண்டும்.

"பாதியிலயே ஓட்டு," என்று சொல்லிக் குமிழைப் பாதியில் நிறுத்தினாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"முழுசா ஓட்டினா சீக்கிரம் வளருமே?"

"ரெண்டு வேள சோத்த ஒரே வேளையா துன்னா நீ சீக்கிரம் வளந்துடுவியா? பாதியில ஓட்டுனா சூடு ஏறாது, கரண்டு கம்மி, ஆனா வெளிச்சம் பாதிக்கு மேலயே வரும். பத்து எண்ற வரைக்கும் அலுமினியத்துல கைய வெக்க முடியணும். அவ்ளோதான்."

நான் விடவில்லை. தயாரிப்பாளரின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சலைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்துக் குமிழ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தாய். உங்கள் கம்பெனியில் சரிபார்த்த இடத்திலெல்லாம் பொட்டு வைப்பீர்களாம். உள்ளேயும் நீ ஈயம் வைத்த இடமெல்லாம் பொட்டு. ஒரே ஓர் இணைப்பை மட்டும் என்னை வைக்கச் சொன்னாய். வைத்தேன். "கொழுக்கட்ட புடிச்சி வெச்சிகீற," என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டாய். அதற்குப் பொட்டு கிடையாது.

விளக்கு எரிந்து பத்து நாளில் புதினா நிமிர்ந்தது. நான் சந்தோஷத்தில் உன்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டதும் அப்போதுதான். "ஏட்டின்னா இன்னாமே, திட்டா?" என்று முறைத்தாய். திருநெல்வேலியில் மனசுக்கு நெருங்கினவளைத்தான் அப்படிக் கூப்பிடுவோம் என்றேன். மறுநாள் கையில் ஒரு விரிசல் விட்ட தொட்டியோடு வந்தாய்.

உங்கள் கம்பெனிக் குழாயடியில் நின்ற மல்லியின் கிளை அது. கம்பெனி திருமழிசைக்கு இடம் மாறியபோது உன்னால் கூடப் போக முடியவில்லை. கடைசி நாளில் ஒரு குச்சியை ஒடித்து எடுத்து வந்திருக்கிறாய். உன் வீட்டிலும் வெயில் இல்லை, ஆகவே அது என் ஹாலுக்கு, நம் விளக்கடிக்கு வந்தது. "ஒத்த அடுக்குமே. பூ சின்னது, வாசன பெருசு. கம்பெனி லைன்ல கீற அத்தினி பேர் தலயிலயும் இதான். பூக்கட்டும், மொத பூ உனுக்கு," என்றாய்.

அது பூக்கும் முன்னாலேயே, ஐப்பசியில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரம். பார்வை நேரத்தில் நான் வரும்போதெல்லாம் உன் உடம்பைப் பற்றி நான் கேட்பேன், நீ செடியைப் பற்றிக் கேட்பாய்.

"நா ஊட்டுக்கு வரசொல்ல மொட்டு வெச்சிருக்குமா?"

"கண்டிப்பா வச்சிருக்கும்," என்றேன்.

அன்றைக்கு நேராக வீட்டுக்கு வந்து குமிழைப் பொட்டுக்கு அப்பால், கடைசிவரை திருப்பினேன். போதாதென்று சங்கிலியில் இரண்டு கண்ணி இறக்கி விளக்கைச் செடிக்கு நெருக்கமாகத் தொங்கவிட்டேன். உனக்கு மொட்டைக் காட்டினால் உன் உடம்பு தேறிவிடும் என்று எப்படியோ எனக்குள் ஒரு நினைப்பு. நாலே நாளில் மேலிலைகள் வெளுத்து, ஓரம் கருகின. பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் வாரம் தண்டு அடியில் கறுத்து, தொட்டதும் கையோடு வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன் ஏட்டி. இருபது வருஷம் நீ வேலை பார்த்த இடத்திலிருந்து உன்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் நான் தீர்த்துவிட்டேன்.

நீ வீடு திரும்புவதற்கு முந்தின நாள் பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு நர்சரிக்குப் போனேன். "மல்லி," என்று மட்டும் கேட்டேன். அதே உயரத்தில் ஒன்று வாங்கி, அதே விரிசல் தொட்டியில் வைத்தேன். குமிழைப் பொட்டுக்கே கொண்டுவந்தேன்.

நீ பாதியாக இளைத்து வந்தாய். நேராகச் செடியிடம் போய் ஓர் இலையை விரலால் தடவினாய். விளக்கில் புறங்கையை வைத்து ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணினாய். "நல்லா பாத்துகின நீ," என்றாய். அவ்வளவுதான். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் நான் ஆபீஸ் போகும்போது என் சாவி உன்னிடம் இருக்கும். திரும்பி வந்தால் நீ விளக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். மார்கழியில் செடி துளிர்க்காமல் நின்றது. பட்டும் திருந்தாத ஜென்மம் நான், நீ பார்க்காத சமயத்தில் குமிழை மயிரிழை அளவு கூட்டினேன். மறுவாரமே துளிர் வந்தது. "பாத்தியா!" என்று உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன் கைராசிமே," என்றாய்.

சித்திரையில் பூத்தது. ஒற்றை அடுக்கா? இல்லை, தடித்தடியாக, அடுக்கு அடுக்காக. ஒற்றை அடுக்கு என்று நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ அந்தப் பூவையே வெகுநேரம் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய்.

"லைட்டுல வளந்துச்சில்ல, அதான் அடுக்கா பூத்துகீது."

"ஆமா, வெளிச்சம் சீரா கெடச்சா அப்படி ஆகும்னு நான்கூட எங்கயோ படிச்சேன்," என்றேன். சீ! சொல்லும்போதே என் நாக்கு கூசியது. நீ பூவைக் கிள்ளி என் தலையில் செருகினாய். "மொத பூ உனுக்குன்னு சொன்னன்ல," என்றாய்.

நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எத்தனை நாளைக் கடத்தினேன். ஆவணியில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் நின்றார். "இத்த உங்களாண்ட குடுக்க சொல்லிச்சும்மா," என்றார். நானும் வாங்கி அலமாரியில் வைத்தவள்தான், இன்று காலைவரை திறக்கவில்லை.

சரி, இன்றைக்கு வருகிறேன். விளக்கு ஏன் அணைந்தது தெரியுமா? என் கொழுக்கட்டை! நான் வைத்த அந்த ஒரே இணைப்புதான் விட்டுப்போயிருந்தது. உன் பொட்டு விழுந்த இடமெல்லாம் கல் மாதிரி நிற்கிறது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீ செய்கிற மாதிரி முதலில் வயரைச் சூடாக்கி, பிறகு ஈயத்தைக் காட்டினேன். தண்ணீர் மாதிரி ஓடிப் பரவி, பளபளவென்று நின்றது.

மூடப்போகும்போதுதான் குமிழின் பின்பக்கம் கண்ணில் பட்டது. நான் டார்ச் பிடிக்க நீ பற்றவைத்த இரண்டு வயரும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய நுனிகளில் டேப் சுற்றியிருந்தது. டிரைவரில் அவை சேர வேண்டிய இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு ரெஸிஸ்டர், வெளிச்சம் எப்போதும் பாதியிலேயே நிற்கும்படி. அதன் இரண்டு முனையிலும் சிவப்புப் பொட்டு.

குமிழ் எதனோடும் சேர்ந்திருக்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது அது வேலை செய்தது, செடி கருகியதே அதற்குச் சாட்சி. ஆகவே நீ திரும்பி வந்த பிறகுதான், என் சாவியை வைத்துக்கொண்டு, நான் இல்லாத ஒரு பகலில் இதைச் செய்திருக்கிறாய். இலையைத் தடவியபோதே தெரிந்துவிட்டதா? சங்கிலியை ஏற்ற மறந்திருந்தேனா? எப்படியோ, உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மார்கழியில் நான் வெறும் குமிழைத் திருகிவிட்டுத் துளிரைக் காட்டிக் குதித்தபோதும் தெரியும். அடுக்கு மல்லிக்கு நீ காரணம் சொன்னபோதும் தெரியும். திணறிக்கொண்டு நின்றவளுக்கு ஒரு பொய்யை நீயே எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

குமிழை நீ கழற்றி எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் நான் ஏன் என்று கேட்டிருப்பேன், நீ சொல்ல வேண்டி வந்திருக்கும், நான் தலை குனிந்திருப்பேன். அதற்காகத்தானே அதை அப்படியே விட்டுவைத்தாய்? என் கை சும்மா இருக்காது என்று தெரிந்து, செடிக்கும் ஆபத்தில்லாமல், எனக்கும் குறையில்லாமல். இவ்வளவு பிரியத்தை உள்ளே வைத்து மூடிவிட்டு, தினமும் அதன் அடியில் உட்கார்ந்து என்னோடு கதை பேசியிருக்கிறாய். என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ எப்போதோ அதைச் செய்து பொட்டும் வைத்துவிட்டாய்.

பெட்டியில் இருந்த உன் நகப்பூச்சு காய்ந்துபோயிருந்தது. நாலு சொட்டு ரிமூவர் விட்டுக் கலக்கினேன். இன்று நான் வைத்த இணைப்பில் ஒரு பொட்டு வைத்தேன். நீ பார்த்தால் ஒத்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன். அந்த வயர்களை நான் சேர்க்கவில்லை. குமிழை இருந்தபடியே வைத்து மூடி, விளக்கைப் பழைய உயரத்துக்கு ஏற்றிப் போட்டேன். எரிகிறது. புறங்கையை வைத்துப் பத்துவரை எண்ணினேன், சுடவில்லை. மல்லியில் நாலு மொட்டு இருக்கிறது, அடுக்குதான்.

குமிழைச் சரியாக உன் பொட்டுக்கு நேராக நிறுத்தினேன். அப்புறம், கை கேட்கவில்லை ஏட்டி, மயிரிழை அளவு கூட்டினேன்.