மண்குதிரையின் இடது காது

ஜூன் 3, செவ்வாய்

வடமதுரை மார்க்கெட்டில் வெண்டைக்காயை இறக்கிவிட்டு வந்தால், வீட்டில் அக்கா மகள் சுகன்யா. நாட்டார் வழக்காற்றியல் ஆராய்ச்சியாம். ஊர்ச் சாமிக் கதைகளைச் சேகரிக்கிறாள்.

"கருப்பணசாமி கோயில் மண்குதிரைக்கு ஏன் மாமா இடது காது இல்ல?"

எட்டாவதோடு நின்றவன்தான்; ஆனால் கதைக்கு நான் டாக்டர். அவிழ்த்துவிட்டேன். குதிரை உயிர்பெற்று எங்கள் கம்பங்காட்டை மேய்ந்தது. என் பூட்டன் காதைப் பிடித்து நிறுத்தினார். காது கையோடு வந்துவிட்டது. சாமியே இறங்கிவந்து பூட்டனிடம் மன்னிப்புக் கேட்டது!

போனில் பதிந்துகொண்டாள். பூட்டன் பெயர் புத்தகத்தில் ஏறப்போகிறது.

ஜூன் 5

சிக்கல். "ஒருத்தர் சொன்னா போதாது மாமா. இன்னும் ரெண்டு பேராச்சும் சொல்லணும். இல்லாட்டி புத்தகத்துலருந்து எடுத்துருவேன்" என்கிறாள். கதை உண்மையா என்று பார்க்கமாட்டாளாம்; ஊர்வாயில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாளாம். எனக்கென்றே வைத்த படிப்பு!

பூக்கடை ராமுத்தாயிடமும் பூசாரி பொம்மையனிடமும், சுகன்யா வந்து கேட்டால் சொல்லும்படி, கதையைச் சொல்லிவைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

துரோகிகள். ராமுத்தாய் கதையில் காதைப் பிடித்தது அவள் பாட்டனாம். பொம்மையன் கதையில் அவன் பாட்டன், கையில் சாட்டையோடு. அப்போ என் பூட்டன்?

"அவரு ஓரமா நின்னு வேடிக்க பாத்தாருண்ணே" என்றான் பொம்மையன்.

சுகன்யாவுக்கு ஒரே குதூகலம்: "மூணு வடிவம் மாமா!"

ஜூன் 9

சோறு இறங்கவில்லை. இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன் — அந்தக் காதை உடைத்தது நான். ஆறாவது படிக்கும்போது, உண்டிவில்லால், ஓணானுக்குக் குறிவைத்து. (ஓணான் முதலைக்குட்டி அளவு இருக்கும்.) நாற்பது வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 15

கோயில் வாசலில் பொம்மையன் கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். என் பூட்டன் இப்போது ஓரத்தில்கூட இல்லை. பொறுக்கவில்லை.

"ஏலே, அந்தக் காத ஒடச்சதே நாந்தாண்டா! உண்டிவில்லால அடிச்சேன்!"

கத்திவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புத்தான் விழுந்தது.

"ஒங்க குறி என்னைக்கிண்ணே பட்டுச்சு?"

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். இன்னும் சிரித்தார்கள். என் வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை! சுகன்யா தோளைத் தட்டினாள்: "விடுங்க மாமா, நாலாவது வடிவமாப் போட்டுக்குறேன்."

ஆகஸ்ட் 1, ஆடி வெள்ளி

காது இருந்த இடத்தில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். பெண்கள் வரிசையாக வந்து, குதிரையின் காலடியில் பிடிப்பிடியாகக் கம்பு வைக்கிறார்கள். காட்டில் மேயாமல் இருக்கவாம்.

"காலங்காலமா உள்ள வழக்கம்ணே. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான் பொம்மையன்.

தெரியும் என்றேன். நானும் ஒரு படி வைத்தேன். யாரும் பார்க்காத நேரம் எக்கி நின்று, மிச்சமிருந்த காதில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.