பூங்காப் பலகையில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி என்னை அதட்டத் தொடங்கிவிட்டாள். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

தெருமுனைப் பூங்கா திறந்து மூன்று வாரமாகிறது. போட்டோ அனுப்பச் சொல்லி நீ நான்கு முறை கேட்டாய். போன் சரியில்லை என்றேன். அது பொய்.

லீவில் வந்தபோது ஒரு வாரம் அந்தக் காலி மனையில் உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள், எங்கே ஒளிகிறார்கள் என்று பார்த்துப் பூங்காவுக்குப் படம் வரைந்தாய். எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். கமிட்டித் தலைவர் என்ற மிதப்பில் நான் மாற்றினேன். விழுந்துவிடுவார்கள் என்று படத்திலிருந்த மண்மேட்டை எடுத்தேன். அழுக்காகும் என்று மணலை எடுத்தேன். புதர்களுக்குள் வளைந்து போன பாதையை நேராக்கினேன்; பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாப் பிள்ளைகளும் கண்ணில் பட வேண்டுமே. முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு வேறென்ன தோன்றும்? உன் பெயரை மட்டும் பெருமைக்காக விட்டுவைத்தேன். வாசல் பலகையில், வடிவமைத்தவர் என்று பெரிதாக இருக்கிறது.

பிள்ளைகள் இரண்டு நாள் வந்தார்கள். இப்போது வேலிக்கு வெளியே, கட்டட வேலையில் மிஞ்சிய மண் குவியலில் ஏறிச் சறுக்குகிறார்கள்.

ஞாயிறன்று கமிட்டிக்காரர்கள் கூடியிருக்கும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டார்: "ஏன் சார், உங்க பொண்ணு குழந்தைங்களையே பார்த்ததில்லையா? பரீட்சை ஹால் மாதிரி போட்டு வச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மகளே.

ஒரு பிள்ளை எழுதிய சரியான விடையை வாத்தியார் அடித்துத் தப்பாக மாற்றிவிட்டு, வகுப்பு அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரித்தால் எப்படி? அதைத்தான் செய்தேன். அடுத்த பேட்டைக்காரர்கள் தங்கள் பூங்கா வேலையை உனக்குத் தருவதாக இருந்தார்கள். இப்போது வேறு ஆள் தேடுகிறார்களாம். அவர்களிடம் உண்மையைச் சொல்ல நேற்று அவர்கள் அலுவலக வாசல் வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு அவர்களையும் போனில் அழைத்திருக்கிறேன். நீ வரைந்த படம் பத்திரமாக இருக்கிறது. அதை எல்லோர் முன்னும் விரித்து, கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டுப் பதவியை விடப்போகிறேன். அதற்கு முன் உனக்கு இது என் மூலமாகத் தெரிய வேண்டும்.

கோபம் வந்தால் போன் செய்து திட்டு. எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே.

நீ வரையும் இடமெல்லாம் பிள்ளைகளின் கூச்சலால் நிறையட்டும்.

உன்
அப்பா