பெயர் எழுதாத உறை

ஆம்பூரில் எங்கள் தெருவில் இன்றும் சிலர், நான் உங்களை ஊரைவிட்டு விரட்டினேன் என்று சொல்கிறார்கள். அது உண்மையல்ல. நான் உங்களிடம் பெயர் மட்டுமே கேட்டேன். நான் செய்த தவறு வேறு.

போன மாதம் பழைய பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியிலிருந்து தோல் வாடை வந்தது. என் மகனுக்கு நீங்கள் எழுதிய கடிதம். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

எதிர்ப்புறத் தோல் மண்டிக்குக் காவலாளாக நீங்கள் வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. அவன் அப்பா இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. வீட்டில் வாயே திறக்காதவன் உங்களிடம் மட்டும் பேசினான். நீங்கள் எந்த ஊர், என்ன பெயர், யாருக்கும் தெரியாது. அவனுக்கு நீங்கள் 'தோஸ்த்'. மாலையில் இருவரும் சைக்கிளில் பாலாற்றுப் பக்கம் போவீர்கள். திரும்பி வரும்போது அவன் பேச்சு தெருமுனையிலேயே கேட்கும். நான் ஜன்னலருகே புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அரும்பு மீசையை மழித்துக்கொண்டு, மோவாயில் வெட்டுக்காயத்தோடு வந்தான். அவனை இழுத்துக்கொண்டு நேரே மண்டிக்கு வந்தேன்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"அவனேதான் பண்ணிக்கினான்மா. நான் கண்ணாடி மட்டுந்தான் புடிச்சேன்."

"உங்க பேர் என்ன?"

"பேரு இன்னாத்துக்குமா? சொன்னா உள்ள கூப்ட்டு காபி குடுத்துடுவீங்களா?"

என் மகன் சிரித்துவிட்டான். அப்பா போன பிறகு என் எதிரில் அவன் சிரித்தது அதுவே முதல் தடவை. எனக்கு அது அவமானமாகத்தான் பட்டது.

இரண்டு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். கதவிடுக்கில் ஓர் உறை கிடந்தது. மேலே அவன் பெயர் இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அப்படிப்பட்ட கடிதத்தைப் பிரிக்கவும் கூடாது, பிறர் கையில் கொடுக்கவும் கூடாது என்று கான்வென்ட் விடுதியில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். பிரிக்கவில்லை. கொடுக்கவுமில்லை. ஒழுங்காக நடந்துகொண்டதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

போன மாதம்தான் கொடுத்தேன். காதோரம் நரைத்த என் மகன் நின்றபடியே படித்தான். "வாலாஜாபேட்டையில இருக்கேன். இந்த அட்ரசுக்கு எழுது. உங்கம்மா சரின்னு சொன்னா வந்து பாக்குறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கடைசியிலும் பெயர் இல்லை.

"அவரு என்னை மறந்துட்டாருன்னு நெனச்சுக்கினே வளர்ந்தேன்மா" என்றான். அதற்குப் பிறகு போனில், மாத்திரை போட்டுக்கொண்டேனா என்று மட்டும் கேட்கிறான்.

அந்த வடு இன்னும் அவன் மோவாயில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மண்டி வாசலில் கேட்ட சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

அந்த முகவரியில் இருக்கிறீர்களா, உயிரோடுதான் இருக்கிறீர்களா, தெரியாது. இருந்தால், நான் சரி என்று சொல்கிறேன். அவனுக்கு இரண்டு வரி பதில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். உறையை அவன் கையில் கொடுத்துவிடுவேன்.