நான்காம் வகுப்பு கீர்த்தியை மெல்லக் கற்போர் பிரிவிலிருந்து விடுவிக்க வேண்டி

அனுப்புநர்
மு. கோவர்த்தனன்,
வேப்பங்கண்டிகை,
வடமாலபேட்டை மண்டலம்,
திருப்பதி மாவட்டம்.

பெறுநர்
திருமதி கோ. ஹரிதா அவர்கள்,
இயக்குநர், பள்ளிச் சமநிலைத் திட்டம்,
விஜயவாடா.

பொருள்: மூடிய தமிழ்ப் பிரிவை மீண்டும் திறத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மா அவர்களுக்கு,

பெற்ற மகளைத் ‘தாங்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் போனில் இந்தப் பேச்சை எடுத்ததும், “வீட்டுப் பேச்சுல ஆபீஸ் வாணாம் நைனா. எல்லாரும் எழுதித்தான் குடுக்கறாங்க, நீயும் எழுதிக் குடு” என்று உத்தரவாயிற்று. நியாயம்தான். தெலுங்கில் எழுதினால் என்னையும் மெல்லக் கற்போரில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து தமிழிலேயே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் தவறியவன், பிழை பொறுக்கவும்.

1. தங்கள் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. வகுப்புக்கு ஒரு ஆசிரியர், பூட்டும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, ஏழைப் பிள்ளைக்கும் அதே பெஞ்சு. எல்லாம் நல்லதே. திட்டம் வந்த நாளில் பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினவனும் நானே. அதில் தங்கள் படத்தை விட என் படம் பெரிதாகிவிட்டது பிரிண்டர்காரன் தவறு.

2. அத்திட்டத்தின்படி எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியை மெயின்ரோட்டுப் பெரிய பள்ளியோடு சேர்த்தார்கள். அங்கே எல்லாம் தெலுங்கு; தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள். இங்கே தமிழில் பாடம் நடத்திய வசந்தா டீச்சரை வேறு மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

3. பக்கத்து வீட்டு சீனுவின் மகள் கீர்த்தி இப்போது அங்கே நான்காம் வகுப்பு. என் கண்ணாடி உடைந்ததிலிருந்து தமிழ்ப் பேப்பரை எனக்குப் படித்துக் காட்டுகிறவள் அவள்தான். தலையங்கத்தைக்கூட விடமாட்டாள்; தூங்கிவிடுவது நான். அந்தப் பெண்ணை, வாசிக்கத் தெரியாதவள் என்று மெல்லக் கற்போர் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். பின்தங்கிய பிள்ளைகளைக் கைதூக்கிவிடத் தாங்களே ஏற்படுத்திய பிரிவு அது. கேட்டால், “தெரியும் தாத்தா. வாயத் தொறந்தா பசங்க சிரிச்சிக்கினே இருக்காங்க” என்கிறாள். சார் நல்லவர், அடிப்பதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

4. இதற்குள் சீனு, “படிப்பு ஏறல அண்ணா, கோடையோட நிறுத்திடறேன்” என்று முடிவு கட்டிவிட்டான். சர்க்காரே சொன்ன பிறகு என் பேச்சு எடுபடவில்லை.

5. இது தாங்கள் அறியாத கதை அல்ல. பலமனேர் தக்காளி மண்டியில் நான் வேலை பார்த்தபோது தங்களை அங்கே தெலுங்குப் பள்ளியில் சேர்த்தேன். அரை வருடம் தாங்கள் வாயே திறக்கவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்றார்கள். நானும் நம்பி, சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சோதித்துவிட்டு, “காது நல்லாத்தான் கீது. ஸ்கூல்ல என்ன பாஷைன்னு பாருய்யா” என்று என்னை அனுப்பினார். ஊருக்குத் திரும்பி இதே தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன். அடுத்த மாதமே பள்ளியிலிருந்து புகார்: பெண் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று. அவ்வளவு இனிப்பான புகாரை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தெலுங்கு பின்னால் தானாக வந்தது. இன்று அதில்தான் உத்தரவு எழுதுகிறீர்கள்.

6. தங்கள் அப்பனே தங்கள் திட்டத்தின் மேல் மனு கொடுத்தான் என்று அங்கே சிரிப்பார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீர்த்தியை நினைத்தாலும் இறங்கவில்லை.

ஆகவே, ஐந்தாம் வகுப்பு வரையாவது தமிழ்ப் பிரிவைத் திறந்து, வசந்தா டீச்சரைத் திருப்பி அனுப்பும்படியும், கோடை விடுமுறைக்கு முன் உத்தரவிடும்படியும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். மகள் என்று தயவு வேண்டாம். மகள் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

பதிலை வீட்டுக்குப் போன் செய்து சொல்லாமல், முத்திரையிட்டுத் தபாலில் அனுப்பவும். தமிழில் இருக்கட்டும். சீனுவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கீர்த்தியையே அதைப் படிக்கச் சொல்லப் போகிறேன்.

இடம்: வேப்பங்கண்டிகை
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
தங்கள் மனுதாரரும் நைனாவுமாகிய
மு. கோவர்த்தனன்