நான்காம் கட்டிலில் கேட்ட கேள்வி

பிப்ரவரி 3, திங்கள்

குழந்தைகள் பிரிவில் முதல் நாள். துவைத்து இஸ்திரி போட்ட கோட்டில் பத்தரை மணிக்குள் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அதன் அம்மா முந்தானையால் துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது. பரவாயில்லை என்றேன். பரவாயில்லைதானா? நாள் முழுக்கப் புளித்த பால் வாடை.

பொது மருத்துவப் பிரிவில் இருந்தபோது எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நோயாளி சொல்வார். இங்கே வலிப்பது ஒருவருக்கு, பதில் சொல்வது இன்னொருவர். அந்த இன்னொருவரும் பாதி நேரம் அழுதுகொண்டிருக்கிறார்.

மேல்படிப்பு இரண்டாம் வருடம் படிக்கும் டாக்டர் இம்தியாஸ்தான் எங்களைச் சுற்றிக் காட்டினார். போனதும் தொடாதீர்கள், தள்ளி நின்று பாருங்கள். குழந்தை அழ ஆரம்பிக்கும் முன்பே மூச்சை எண்ணிவிடுங்கள். கட்டிலில் கிடத்தாமல் அம்மா மடியிலேயே வைத்துப் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். காதும் வாயும் கடைசியில். "வாய்க்குள்ள டார்ச் அடிச்சிட்டா அப்புறம் எந்தக் குழந்தையும் உங்களுக்கு ஃப்ரெண்டு இல்ல."

பிப்ரவரி 4, செவ்வாய்

நான் தொட்ட குழந்தைகள் எல்லாம் அழுதன. என் வகுப்புத் தோழி ப்ரேரணா தொட்டால் அவள் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்துச் சிரிக்கின்றன. ஏன் என்று அவளிடமே கேட்டேன். "நீ பரீட்சை எழுதற மூஞ்சியோட போறடி. பார்த்தா நானே அழுவேன்" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

எல்லாமே எடைக் கணக்கு. ஒரு சொட்டு மருந்து எழுதவும் குழந்தையை முதலில் நிறுக்க வேண்டும். தராசில் வைத்தால் நெளிகிறது, முள் ஆடுகிறது. எந்த வயதில் படி ஏறும், எந்த வயதில் வட்டம் போடும், எந்தத் தடுப்பூசி எப்போது – இரவு மனப்பாடம் செய்தது காலையில் பாதி காணாமல் போகிறது.

திங்கட்கிழமை ஆளுக்கொரு குழந்தையைப் பற்றி விவரம் சொல்ல வேண்டும் என்று வைஜயந்தி மேடம் சொல்லிவிட்டார். மேடம்தான் எங்கள் யூனிட் தலைவர். ப்ரேரணா நல்ல கேஸாக ஒன்றைப் பிடித்துவிட்டாள், இதயத்தில் ஓட்டை. எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. சளி, பேதி, சளி, பேதி. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

கிடைத்துவிட்டது.

நான்காம் கட்டில். சிருஷ்டி, நாலு வயது. தாளிகோட்டைப் பக்கம் ஏதோ கிராமம். பேதி என்று நேற்று சேர்த்திருக்கிறார்கள், குளுகோஸ் ஏறுகிறது. சட்டையைத் தூக்கினால் முதுகில் கன்றிப்போன தடம். தொடையில் இரண்டு. முழங்காலுக்குக் கீழே எண்ண முடியவில்லை, சில நீலம், சில மஞ்சள். மேல்கையில் விரல் பதிந்த மாதிரி ஒன்று.

கூட இருப்பவள் ரேணவ்வா, என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். சிருஷ்டி அவளை 'அவ்வா', அம்மா என்றுதான் அழைக்கிறாள். ஆனால் பெற்றவள் இல்லை. பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துவிட்டாளாம், இவள் இரண்டாம் தாரம். அதை அவள் சொல்லவில்லை, பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

கேட்டேன். "குழந்தைய யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கல மேடம்."

"அப்ப இதெல்லாம் எப்படி வந்துச்சு?"

"தானா வருது. போன வாரம் பல்லு தேய்க்கறப்ப…"

"பல்லு இருக்கட்டும். முதுகுல எப்படித் தானா வரும்?"

அவள் குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு பக்கத்துக் கட்டில்காரி, யாரிடமோ சொல்வது போல, "பெத்தவளா இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. மேற்கொண்டு பார்க்க முடியவில்லை. போதுமானது கிடைத்துவிட்டதே.

டாக்டர் இம்தியாஸிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் குழாயிலேயே உறைந்துவிட்டதாம், மறுபடி அனுப்ப வேண்டும், முடிவு வரட்டும், நானும் வந்து பார்க்கிறேன், அதுவரை யாரிடமும் இதைப் பேசாதே என்றார். அதற்குள் பிரசவ வார்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் ஏற்கெனவே பேசிவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இதை எழுதும்போதும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருக்கிறது. மறைக்க என்ன, என் நாட்குறிப்புதானே. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடுமுறை. இருந்தாலும் போனேன்.

நான்காம் கட்டிலில் ரேணவ்வா இல்லை. பெரிய குங்குமத்தோடு ஒரு அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சிருஷ்டியின் அத்தை, அப்பாவின் அக்கா, சங்கம்மா. பக்கத்துக் கட்டில்காரி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சங்கம்மா என்னைக் கண்டதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க மேடம். அவளப் பொறந்த வீட்டுக்குத் தொரத்தியாச்சு. இனிமே எங்க வாசப்படி மிதிக்கட்டும், பார்க்கறேன்."

அப்பா யமனப்பா கால்மாட்டில் நின்றிருந்தான். கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவன். அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான்.

சங்கம்மா பாலில் பிசைந்த ரொட்டியை ஊட்டப் பார்த்தாள். சிருஷ்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழவில்லை. நாள் முழுக்க அழுகையே கேட்டுப் பழகிய எனக்கு அது என்னவோ செய்தது.

நான் துரத்தச் சொல்லவில்லையே. ஒரு கேள்விதானே கேட்டேன்? டாக்டர் என்றால் கேட்க வேண்டாமா? குழந்தையை நிஜமாகவே அடித்திருந்தால்? அடித்திருக்கிறாள்தானே?

ப்ரேரணாவிடம் சொன்னேன். "எல்லார் முன்னாடியுமா கேட்ட?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

எப்படி எழுதுவது.

மேடம் வந்தார். நான் சொன்னேன். தடம் எங்கெங்கே, எவ்வளவு நீளம், என்ன நிறம் – ஒன்று விடாமல். கடைசியில் 'அடித்த காயங்கள் எனச் சந்தேகம்' என்று முடித்தேன். மேடம் தலையாட்டினார். சந்தேகப்பட வேண்டியதுதான் என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு மட்டும் நாக்கக் காட்டிடாத, சரியா?" என்றார் சிருஷ்டியிடம். அவள் உடனே முழு நாக்கையும் நீட்டினாள். மேடம் டார்ச் அடித்தார்.

மேலண்ணத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். ஈறு ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

"சுனந்தா, வாயப் பார்த்தியா?"

"குழந்தை அழுதுச்சு மேடம்."

"பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்க்கல."

அப்போதுதான் டாக்டர் இம்தியாஸ் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் லட்சக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரம். இந்தக் குழந்தையை யாரும் அடிக்கத் தேவையே இல்லை. தூக்கினாலே கன்றும். விரல் பதிந்த மாதிரி என்று நான் எழுதினேனே – கீழே விழாமல் யாரோ பிடித்த கையாக இருக்கும்.

சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று மேடம் கேட்டார். சங்கம்மாவுக்குத் தெரியவில்லை. மூக்கில் ரத்தம்? தெரியவில்லை. தடம் எப்போதிலிருந்து? யமனப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்குத்தான் மேடம் தெரியும்" என்றான்.



இன்னும் முடியவில்லை. இது தானாகச் சரியாகிவிடுகிற வகையாகவும் இருக்கலாம், ரத்தப் புற்றாகவும் இருக்கலாம். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நாளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கடவுளே, அது மட்டும் வேண்டாம். அது வந்தால் அந்தக் குழந்தை தேடும் ஆள் பக்கத்தில் இருக்க மாட்டாள். என்னால.

என்னாலதான். வேற யாரால?

பிப்ரவரி 11, செவ்வாய்

முன்கதை வேண்டும், அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். டாக்டர் இம்தியாஸ் தானே பேசுவதாகச் சொன்னார். நான் பேசுகிறேன் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யமனப்பாவின் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

ரேணவ்வாவின் அண்ணன் எடுத்து அவளிடம் கொடுத்தான். நான் யார் என்று சொன்னேன். கேட்டேன். அவள் சொன்னாள், மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. சங்கராந்தி முடிந்து காய்ச்சல் வந்தது, மூன்று நாள் இருந்தது. அது விட்டுக் கொஞ்ச நாளில் காலில் தடம். பல் தேய்க்கும்போது ரத்தம். இரண்டு முறை மூக்கில் ரத்தம், ஈரத் துணி வைத்து நிறுத்தினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், யாரும் அசையவில்லை. பேதி வந்ததும் அதைச் சாக்காக வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை இதில் முதல் வரியைத்தான் சொல்ல ஆரம்பித்தாள். பல்லு இருக்கட்டும் என்றேன் நான்.

"நான் அப்படிக் கேட்டது தப்பு" என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

மாலை: கண்ணாடித் துண்டில் கெட்ட அணுக்கள் எதுவும் இல்லை. மேடமே பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தன் தட்டணுக்களைத் தானே அழிக்கும் நோய், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சரியாகிவிடும். மருந்து ஆரம்பித்தாயிற்று. கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

எங்கே கேட்டேனோ அங்கேயே சொல்ல வேண்டும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து நாலு தடவை வார்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். மதியம், பார்வையாளர் நேரத்தில், எல்லாக் கட்டிலிலும் ஆள் நிறைந்திருந்தபோது போய் நின்றேன்.

யமனப்பாவிடம் சொன்னேன், வார்டுக்கே கேட்கும்படி. சிருஷ்டியை யாரும் அடிக்கவில்லை. இது ரத்தத்தில் வந்த நோய். நான் சரியாகப் பார்க்காமல் கேட்டுவிட்டேன். ரேணவ்வா கொண்டு வந்திருக்காவிட்டால் குழந்தைக்கு மூளையில்கூட ரத்தம் கசிந்திருக்கலாம்.

சங்கம்மா விடவில்லை. "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. எதத்தான் நம்பறது?"

"இன்னிக்குச் சொல்றதுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கும்மா. அன்னிக்குச் சொன்னதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

பக்கத்துக் கட்டில்காரி தன் குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். சங்கம்மா டாக்டர்களைப் பற்றி ஏதோ முணுமுணுத்தாள். யமனப்பா சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். எங்கடா என்றாள் அக்கா. "பஸ் ஸ்டாண்டுக்கு" என்றான். இத்தனை நாளில் அவன் யாரையும் கேட்காமல் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் இம்தியாஸ் பிறகு கூப்பிட்டுத் திட்டினார். பேசாதே என்று சொல்லியும் ஏன் பேசினாய், பேசியதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று. நின்று வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

ரேணவ்வா வந்துவிட்டாள். சிருஷ்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. குளுகோஸ் ஊசி பிடுங்கிக்கொண்டு மறுபடி குத்த வேண்டியதாயிற்று.

நான் போய் நின்றேன்.  அவள்தான் பேசினாள், குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "நான் பெத்தவளா இருந்திருந்தா அப்படிக் கேட்டிருப்பீங்களா மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்."

தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

தட்டணுக்கள் ஏறுகின்றன. புதுத் தடம் இல்லை. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குதிக்கக்கூடாது, விழக்கூடாது, மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது என்று ரேணவ்வாவுக்குச் சொல்லிக் கொடுத்தது ப்ரேரணா. நான் தள்ளி நின்றேன். சங்கம்மா ரேணவ்வாவிடம் பேசுவதில்லை, ஆனால் தூக்குச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்ததைப் பார்த்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒரு வயதுப் பையன். வாயைப் பார்த்தேன். கையைக் கடித்துவிட்டான். மறுபடி பார்த்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பிரிவின் கடைசி நாள். மதிப்பெண் சுமார். அடுத்து வரப்போகும் மாணவர்கள் கேட்டார்கள், குழந்தைகள் பிரிவில் என்ன எதிர்பார்க்கலாம் என்று. அழுகை, வாந்தி, எடைக் கணக்கு என்று ப்ரேரணா சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நானும் ஏதாவது சொல்ல நினைத்தேன். அம்மாக்கள் ஆரம்பிக்கும் வாக்கியத்தை முடிக்க விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

இப்போது கண் பிரிவில் இருக்கிறேன். இன்று சிருஷ்டி மறுபரிசோதனைக்கு வரும் நாள் என்று தெரியும். போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து ஒரு நிலையில் இல்லை. மதியத்துக்குள் போய்விட்டேன்.

வெளிநோயாளிகள் கூடத்தில் பெஞ்சு நிறைய ஜனம். ரேணவ்வா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், தனியாகத்தான் கூட்டி வந்திருக்கிறாள். முடிவு வந்துவிட்டிருந்தது, தட்டணுக்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டன. சிருஷ்டி கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள். வழுக்கி முழங்காலில் விழுந்தாள், சத்தமாக.

ரேணவ்வா எழுந்தாள். ஆனால் உடனே தூக்கவில்லை. முதலில் சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்களை, நர்ஸை, கதவை. யார் பார்க்கிறார்கள் என்று.

அதை நான் செய்தேன். அந்தப் பார்வையை அவளுக்கு நான்தான் கொடுத்தேன்.

போய்க் குழந்தையைத் தூக்கினேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, பெஞ்சுக்கெல்லாம் கேட்கும்படி, "ஓடற குழந்த விழத்தான் செய்யும். தரைய ஈரமா வெச்சது ஆஸ்பத்திரித் தப்பு" என்றேன். சிருஷ்டி அழுதுகொண்டே என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தாள். ரேணவ்வாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

உட்கார்ந்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.

கண் பிரிவில் வகுப்பு தொடங்கியிருக்கும். உட்கார்ந்தேன்.