அருவிக்குக் குறுக்கே நிற்பவர்

வீட்டுக்காரருக்கு (அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை),

நம் தொகுதியைப் பற்றிச் சுற்றுலாக் கையேடு எழுதும் வேலையை அலுவலகத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள். இங்கே இருப்பது இரண்டு மலை, ஓர் அருவி, மீதியெல்லாம் வயல். "பாக்க பத்து இடமாவது வேணும்மா" என்று புது அதிகாரி உயிரை வாங்குகிறார். ஆட்டுச் சந்தையைக்கூடச் சேர்த்துவிட்டேன்.

அருவிக்கு இருப்பதே ஒரு படம். அதிலும் நீங்கள் ஈரத் துண்டோடு, பல்லைக் காட்டிக்கொண்டு குறுக்கே நிற்கிறீர்கள்.

"யாரும்மா இந்த ஆளு? வெட்டிடுங்க" என்றார். வெட்டினால் பாதி அருவி போய்விடும் என்று சண்டை போட்டேன். யாரென்று மட்டும் சொல்லவில்லை.

"இங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு நீங்கள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. கையேடு ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லா இடத்துக்கும் வழி போட்டிருக்கிறேன்.

நம் வீட்டுக்குப் போடவில்லை. அதுதான் உங்களுக்குத் தெரியுமே.

இப்படிக்கு,
படம் எடுத்தவள்